ஆறு திரும்பும் நாள்

நீர்விளிம்பில் குந்தி, விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்து மோந்து பார்க்கிறாள் மாரக்காள். வைகாசி பிறந்துவிட்டால் விடிந்ததும் இதுதான் அவளுக்கு முதல் வேலை. பல் துலக்குவதுகூட அப்புறம்தான். பாசி வாடை அடித்தால் அது ஆற்றுத் தண்ணீர். செம்மண் வாடை அடித்தால் குடகில் மழை இறங்கி அணை ஏறுகிறது என்று அர்த்தம்.

மேச்சேரிக்கு மேற்கே, சுக்கான் பாறைகளுக்கு நடுவே நெளிந்து வரும் சிற்றாறு அது. முன்பு காவிரியில் போய் விழுந்தது. மேட்டூரில் அணை எழும்பிய பிறகு, விழும் இடம் என்று ஒன்று நிலையாக இல்லை. ஆடியில் அணைத் தண்ணீர் ஆற்றின் வாய்க்குள் புகுந்து இரண்டு மைல் மேலேறும். அப்போது ஆறு பின்னோக்கி ஓடும். சருகும் நுரையும் மேட்டைப் பார்த்து மிதக்கும். தையில் வடியத் தொடங்கி, மாசியில் முழ ஆழத்துக்கு வண்டலை விட்டுவிட்டு இறங்கிப் போகும்.

"சமுத்திரம் நாளைக்கு ரெண்டு தரம் ஏறி எறங்குமாமுங்க. இது வருசத்துக்கு ஒருக்கா. ஊட்டுக்குள்ள வாரதுக்கு ரெண்டும் யாரையும் கேக்கறதில்ல" என்பாள்.

அந்த வண்டலுக்கு அடியில் கிடப்பது அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் காடு, மானாவாரி நிலம். அணைக்காகச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. புருஷனும் போய்ச் சேர்ந்தான். ஆனாலும் நீர் வடிந்ததும் அவரவர் பழைய இடத்தில் ராகி விதைத்து, ஆறு திரும்புவதற்குள் அறுத்துக்கொள்வார்கள். யாரும் தடுப்பதில்லை. எப்போது அறுப்பது என்பதற்கு மாரக்காள் வாயைப் பார்ப்பார்கள். போன வருஷம் வரைக்கும் அவள் சொன்ன நாள் தப்பியதில்லை.

வண்டல் எல்லா வரப்புகளையும் மூடிவிடும். அவளுக்கும் கொழுந்தன் மருதாசலத்துக்கும் எல்லை காட்ட நின்றது ஒரு பனையின் அடிக்கட்டை மட்டும்தான். போன வருஷம் மாசியில் நீர் இறங்கியபோது கட்டையைக் காணோம். பிடுங்கிய குழி மட்டும் ஈரமாக இருந்தது. அவள் பக்கம் நல்ல வண்டல் விழுந்த பாதியையும் மருதாசலம் உழுதுவிட்டான். கேட்டதற்கு, "தண்ணி கொண்டு போயிருக்குமுங்க நங்கையா" என்றான். அண்ணன் மனைவி என்று மரியாதையாகவே சொன்னான். அவள் ஆற்றோரச் சரளையில் விதைத்தாள். அவனுக்கு இடுப்புயரம் விளைந்தது, அவளுக்கு முழங்காலுயரம்.

ஆனிக் கடைசியில் ஒருநாள் அவன் வந்து நின்றான். "கருது இன்னும் பச்சையா இருக்குதுங்க. எத்தன நாள் பொறுக்கலாம்?"

அன்று காலை அவள் விரலில் செம்மண் வாடை இருந்தது. நான்கு நாளைக்கு மேல் தாங்காது.

"பத்து நாளாகும். முத்தட்டும், உடுங்க" என்றாள்.

தன்னுடையதையும் அவள் அறுக்கவில்லை. அறுத்தால் அவனுக்குத் தெரிந்துபோகும்.

நான்காம் நாள் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஆறு சத்தமில்லாமல் திரும்பியது. மருதாசலமும் அவன் பெண்டாட்டி செல்லாயியும் மார்பளவு தண்ணீரில் நின்று, கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கையால் தடவித் தடவி அறுத்தார்கள். மாரக்காள் மேட்டில் நின்று பார்த்தாள். நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை.

நனைந்த வேட்டியோடு கரையேறிய மருதாசலம் அவளைப் பார்த்தான். "உங்களுதும் போச்சுங்களே. ஆத்தோட கணக்கு ஆருக்குத் தெரியும். வெசனப்படாதீங்க" என்றான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

சொன்ன நாள் ஒருமுறை தப்பியதால், கரையில் அவளை இப்போது யாரும் நாள் கேட்பதில்லை. இருந்தும் விடியலில் குந்தி மோந்து பார்க்கிறாள், யாரிடமும் சொல்வதில்லை.

போன வருஷம் அந்த ஆடியிலேயே, நீரிலிருந்து மீட்டு உலர்த்திய ராகியைக் கூழாகக் காய்ச்சிச் செல்லாயி எடுத்துவந்தாள். பூசணம் பிடித்த வாடை அடித்தது. மாரக்காள் ஒரு மடக்குக் குடித்தாள். மண்ணும் கசப்பும் நாக்கில் ஒட்டின.

"குடிக்க முடியலீன்னா ஊத்திப் போடுங்க அக்கா" என்றாள் செல்லாயி.

மாரக்காள் மீதியையும் குடித்து முடித்து, கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள்.