பூசையில் வைத்த இரண்டு டிஸ்க்குகள்

கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். செத்துப்போன மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே இருந்தது திரும்பி வந்துவிடுமா? நகல் எடுத்து வைத்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். எனக்குச் சுர்ரென்று வரும். காருக்கு ஸ்டெப்னி வைத்துக்கொள்ளத் தெரிந்த மனிதனுக்கு இது மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

அதனால்தான் உத்தமபாளையத்து ஸ்டுடியோ அக்கா, ஒன்றும் கெட்டுப்போகாத நேரத்திலேயே மெஷினைக் கொண்டுவந்து, இதை அப்படியே முழுசாக நகல் எடுத்து வைக்க ஒரு வழி சொல் என்றபோது எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. கல்யாண வீடியோ எடுப்பவர். கேமராவும் அவரே, எடிட்டிங்கும் அவரே. முன்பொரு தடவை மெஷின் படுத்துக்கொண்டபோது, எல்லா சாஃப்ட்வேரையும் திரும்பப் போட்டு, அவர் கைக்குப் பழகிய மாதிரி அமைப்பதற்குள் இரண்டு பேருக்கும் தாவு தீர்ந்துவிட்டது. ஃபைல்களை மட்டும் நகல் எடுத்தால் இந்தப் பாடு குறையாது. மெஷினையே உள்ளது உள்ளபடி எடுத்து வைக்க வேண்டும். இமேஜ் என்று சொல்வோம். நாளைக்கே மெஷின் செத்தாலும் அதை வேறொரு டிஸ்க்கில் இறக்கினால், எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து உட்காரும்.

அதற்கு இரண்டு சாஃப்ட்வேர்கள் என் கணக்கில் இருந்தன. முதலாவது சொகுசானது. நகல் டிஸ்க்கை எப்போதும் மெஷினில் சொருகியே வைத்திருந்தால் போதும், அதுவே நேரம் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது முரட்டு ஆசாமி. மெஷினை அணைத்து, பென் டிரைவிலிருந்து கிளப்ப வேண்டும். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான் வரும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கையால் பிடுங்கி எடுத்துப்போய் வைக்க வேண்டும். அக்காவுக்கு முதலாவதுதான் பிடித்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

நான் பிடிவாதமாக இரண்டாவதைத்தான் கொடுத்தேன். தேனியில் ஒரு அச்சகத்தில் நான் பார்த்த காட்சி அப்படி. பணம் பறிக்கும் வைரஸ் புகுந்து, மெஷினில் இருந்த எல்லா ஃபைலையும் பூட்டியிருந்தது. திரையில் ஃபைல்களின் படங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத் தாள்களாக மாறிக் கிடந்தன. அதோடு நிற்கவில்லை. கூடவே சொருகியிருந்த நகல் டிஸ்க்கையும் விட்டுவைக்காமல் பூட்டிவிட்டது. சொருகியிருக்கும் எதையும் அது விடாது. அந்த அச்சக முதலாளி நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தார். அதைச் சொல்லித்தான் அக்காவைப் பயமுறுத்தினேன். இரண்டு டிஸ்க்குகள் வாங்கச் சொன்னேன். ஒன்று கடையில், மற்றது வீட்டு பீரோவில் சேலைக்கு அடியில். நகல் எடுக்கும் நேரம் தவிர இரண்டையும் சொருகக் கூடாது, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது என்றேன். அக்கா தலையை ஆட்டினார்.

எடுத்த இமேஜைத் திரும்ப இறக்கிப் பார்க்காமல் நான் யாருக்கும் ஒரு சாஃப்ட்வேரையும் சிபாரிசு செய்வதில்லை. அன்று அக்காவின் மெஷினை இமேஜ் எடுத்து, என் கடையில் சும்மா கிடந்த பழைய டிஸ்க் ஒன்றில் இறக்கிக் கிளப்பினேன். அச்சு அசலாக அவருடைய மெஷின் எழுந்து வந்தது. திரையின் மூலையில் அவர் காலையில் ஒட்டிய மஞ்சள் குறிப்புகூட இருந்தது. மறுநாள் வேலையை அப்படி மஞ்சள் கட்டத்தில் எழுதி வைப்பதும், வேலை முடிந்ததும் அழித்துவிடுவதும் அவர் பழக்கம். அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: 'நாளை ஓடைப்பட்டி கல்யாணம். பொண்ணோட அப்பாவை மறக்காமல் எடுக்கணும்.'

அதென்ன அப்பாவை மட்டும் என்று கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். திராட்சைத் தோட்டக்காரர் அவர். மூத்த மகளின் கல்யாணத்தில் பந்தியைப் பார்க்கவும் ஆட்களை வரவேற்கவும் ஓடிக்கொண்டே இருந்ததில், முழு வீடியோவிலும் ஒரு இடத்தில்கூட அவர் முகம் இல்லையாம். "இந்தத் தடவையாச்சும் என்னையும் புடிச்சுப் போடும்மா" என்று சிரிக்காமல் கேட்டாராம்.

அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். மெஷின் அக்காவோடு உத்தமபாளையம் போய்விட, அதன் இரட்டைப் பிறவி ஒன்று என் டிராயரில் கிடக்கிறது என்ற நினைப்பு எனக்கு என்னவோ போல இருந்தது. அப்புறம் மறந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா அந்த அப்பாவை விடவில்லை. பந்தியில், பந்தலில், சமையல் கொட்டகையில், மகள் காலில் விழுந்தபோது அவர் துண்டால் கண்ணைத் துடைத்தது வரை எல்லாவற்றையும் எடுத்தாராம். ஆவணி முடிவதற்குள் அந்த மனிதர் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் மாரடைப்பில் விழுந்து இறந்துபோனார். கணவன் வீட்டிலிருந்து அந்தக் கல்யாணப் பெண் அக்காவுக்கு போன் செய்தாள். பாட்டு, டைட்டில் எதுவும் வேண்டாம், எங்கப்பா வருகிற இடங்களை மட்டும் கொடுங்கள், ஆயுத பூசை கழிந்து ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றாள். கேமரா கார்டுகளை அதற்குள் அழித்து அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு எடுத்துப் போயாகிவிட்டது. அந்த மனிதர் இப்போது மெஷினிலும் இரண்டு டிஸ்க்குகளிலும் மட்டும்தான் இருந்தார்.

ஆயுத பூசைக்கு நான் ஆண்டிபட்டியில் மாமனார் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. திரை முழுக்கச் சரஸ்வதி. முன்னால் பொரி, சுண்டல், வாழைப்பழம். கேமராக்களுக்குப் பக்கத்தில் இரண்டு டிஸ்க்குகள்.

இரண்டு டிஸ்க்குகளும்.

இரண்டுக்கும் பொட்டு வைத்து, இரண்டையும் மெஷினில் சொருகி, ஊதா விளக்கு எரிய விட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரஸ்வதிக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் ஃபைல்களின் சின்னப் படங்கள் எல்லாம் முகம் போய் வெறும் வெள்ளைத் தாள்களாக இருந்தன. தேனி அச்சகத்தில் பார்த்த அதே வெள்ளை.

உடனே போன் போட்டேன். அக்கா வீட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாராம். வீட்டில் இருந்ததை எதற்குக் கடைக்குக் கொண்டு போனீர்கள் என்று கத்திவிட்டேன்.

"அதுவும் ஆயுதந்தான தம்பி. அதை மட்டும் பீரோவுல வச்சுட்டு எப்படிப் பூசை போட? வெளக்கு எரியாம வச்சா செத்த சாமான் மாதிரி இருந்துச்சு, அதான் சொருகிவிட்டேன்."

போய் மெயின் சுவிட்சை அணையுங்கள் என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"பூசையில வச்சத விடியிறதுக்குள்ள தொடக் கூடாதுப்பா. வித்தை போயிரும்னு சொல்வாக."

அவரை நான் எப்படி மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல முடியும்? என் ஸ்குரு டிரைவர் செட்டே அப்போது மாமனார் வீட்டுச் சாமி மாடத்தில் குங்குமத்தோடு இருந்தது. மிக்சி ஓடவில்லை, கழற்றிப் பார் என்று மாமியார் கேட்டபோது நாளைக்குத்தான் என்று சொன்னவன் நான். ஆனால் நாம் தொடாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வைரஸ் உள்ளே ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டிக்கொண்டே போகும். தடுக்க ஆள் இல்லாத கடையில், மாலையும் பொட்டுமாக, அதற்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். "ஓடைப்பட்டிப் பொண்ணு நாளைக்கு வருதே" என்று மட்டும் சொன்னார். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

போனை வைக்க வேண்டாம் என்றேன். அவர் மூச்சு வாங்க நடப்பது கேட்டது. யாரோ அக்காவை எங்கே இந்நேரம் என்று கேட்டார்கள், அவர் நடை நிற்கவில்லை. கடை வாசலில் உடைத்த பூசணிக்காயை மிதித்துவிட்டேன் என்றார். ஷட்டர் ஏறியது. உள்ளேயிருந்து மெஷினின் விசிறி இரைவது ஆண்டிபட்டி வரை எனக்குக் கேட்டது. சும்மா இருக்கிற மெஷின் அப்படி இரையாது.

"சாமி படத்தைக் காணோம் தம்பி," என்றார். "செவப்பா, இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு."

பணம் கேட்டு வைக்கும் மிரட்டல் அது. வேலையை முடித்த பிறகுதான் அதை வைப்பார்கள். அக்கா சுவிட்சை அணைத்தார். இரைச்சல் நின்றது. இனி அணைத்தாலும் ஒன்றுதான், அணைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் கம்பம் போய் டிராயரில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனேன். பூசையில் வைத்த இரண்டு டிஸ்க்குகளையும் என்னால் ஆனமட்டும் குடைந்து பார்த்தேன். சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுமே தேறவில்லை. வைரஸ் வந்த வழியும் தெரிந்தது. ஸ்டுடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இலவசமாகப் போட்ட கல்யாண டைட்டில் தொகுப்பில் ஒளிந்து வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது பழசு, அந்தக் கல்யாணம் அதில் இருக்காது என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். தெரியும் என்றார். இருந்தாலும் நான் டிஸ்க்கை மாட்டும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்காதுதானே.

மெஷின் ஒரு குறையும் இல்லாமல் எழுந்து வந்தது. நான் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேர் சொன்ன சொல் தவறவில்லை. எனக்கு அதன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

அந்தப் பெண் அப்போதுதான் உள்ளே வந்தாள். தாலிச்சரட்டின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. அக்கா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போய்விட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அழுதார். அவள் அழவில்லை. அவள் பார்வை திரையின் மூலையில் இருந்த மஞ்சள் கட்டத்தில் நின்றிருந்தது. அதை மூடிவிட எனக்குக் கை பரபரத்தது. அதற்குள் படித்துவிட்டாள்.

"இது என்னைக்கு எழுதினது?" என்று என்னிடம் கேட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் என்றேன். இந்த மெஷின் அந்த நாளோடு நிற்கிறது, அதற்குப் பிறகு நடந்தது எதுவும் இதற்குத் தெரியாது என்றேன்.

"அப்ப இதுக்கு எங்கப்பா இன்னும் இருக்காக," என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அக்கா அந்தக் குறிப்பை அழிக்கவில்லை.