சுவரில் விட்ட பிளவுகள்

பொயிண்ட் குக் புறநகரைத் தாண்டியதும் சாலையோரம் கருங்கல்லில் கட்டிய பழைய கதிரடிக்கும் கொட்டகை ஒன்று தெரிகிறது. என் நண்பரின் அண்ணன் சிவா காரை இன்னும் வேகமாக விடுகிறார். நான் இரண்டு முறை கெஞ்சிய பிறகுதான் நிறுத்துகிறார். போருக்குத் தப்பி வன்னியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர், தினமும் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்.

"நீங்கள் பாத்திட்டு வாங்கோ. நான் வரேல்லை."

"ஏண்ணா?"

சுவரில் நெஞ்சுயரத்தில் வரிசையாக இருக்கும் ஒடுங்கிய பிளவுகளைக் கண்ணால் காட்டுகிறார். "துவக்கு நீட்டிச் சுடத்தானே உப்பிடி ஓட்டை விடுவினம்."

நான் மட்டும் உள்ளே போகிறேன். வண்டி நுழையும் அகலத்தில் எதிரெதிராக இரண்டு வாசல்கள். நடுவில் கதிரடித்த தளம், தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. வெளியே விரல் நுழையும் அளவே தெரிந்த பிளவுகள் உள்பக்கம் ஜன்னல் போல விரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காற்று வருகிறது.

வாசலில் நின்று கத்துகிறேன். "அண்ணா, இது காத்துக்காக விட்டது! அடுக்கி வெச்ச கதிர் புழுங்காம இருக்கறதுக்கு!"

வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே வருகிறார். உள்ளே வந்ததும் ஒரு பிளவுக்குள் கையை விடுகிறார். எடுக்கவே இல்லை.

"ஓம்," என்கிறார் மெல்ல. "காத்துத்தான்."

திரும்பும்போது பின்னால் வரும் கார் ஹாரன் அடிக்கிறது. சிவா அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.