மஞ்சள் பட்ட வரி

ஆனைமுகனின் திருவடி பணிந்து, அம்பிகையின் அருளைத் துணைகொண்டு இதை எழுதுகிறேன். இன்று தை வெள்ளி, வளர்பிறைப் பஞ்சமி. செம்பூரில் எங்கள் இளைய மகனுக்கு நிச்சயதார்த்தம்.

காலையில் பூஜை அலமாரியைத் துடைத்தபோது, பதிகப் புத்தகத்துக்குள் நான் வைத்திருக்கும் பழைய முத்திரைத்தாளை எடுத்துப் பார்த்தேன். நான்கு மூலைகளிலும் மஞ்சள். கீழே கடைசி வரியின் மேல், கட்டைவிரல் அகலத்துக்கு இழுபட்ட இன்னொரு மஞ்சள் கறை. அந்த வரியை அன்றும் படிக்க முடியவில்லை, இன்றும் முடியாது. அந்தக் கறை என் மாமியாரின் கைவண்ணம்.

அது போர்க்காலம். அரிசிக்கு வரிசையில் நின்ற ஆண்டுகள். அப்பா காலமான பின், கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் நான் தட்டச்சு செய்து கொண்டுவந்த சம்பளத்தில்தான் அம்மாவும் பள்ளி செல்லும் இரு தங்கைகளும் மாட்டுங்காவில் ஓர் ஒற்றை அறையில் வாழ்ந்தார்கள். ஆகவே வரன் வந்தபோது, திருமணத்துக்குப் பிறகும் என் சம்பளம் அம்மாவுக்கே போக வேண்டும் என்று என் மாமா மூலம் சொல்லியனுப்பினேன். இந்த இடம் தட்டிப்போயிற்று என்றே எண்ணினேன். ஆனால் மாமனாராக வரவிருந்தவர் வக்கீல் அலுவலகம் ஒன்றின் தலைமைக் குமாஸ்தா. "வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதிடலாம்" என்று பதில் அனுப்பினார்.

நிச்சயதார்த்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் கூடத்தில், தம் கையால் தமிழில் எழுதிய ஒப்பந்தத்தை அவர் வாசித்தார். சம்பளம் என் தாயாருக்கே. கணவர் உரிமை கோரமாட்டார். கடைசியில் ஒரு வரி: இது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். என் கடைசித் தங்கை அப்போது இரண்டாம் வகுப்பு. கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. வளையலில்லாத கை நிலைப்படியைப் பற்றியதை மட்டும் பார்த்தேன். வந்த சம்பந்தத்தை விட மனமின்றி மாமா தலையாட்டிவிட்டார்.

"பொண்ணு டைப் அடிச்சுண்டே மாலை மாத்திப்பா போலிருக்கு" என்றார் என் கணவராக வரவிருந்தவரின் அத்தை. கூடம் சிரித்தது.

மாமியார் சிரிக்கவில்லை. "லக்னப் பத்திரிகை வெக்கற தட்டுல கோர்ட்டுக் காகிதமா? கல்யாணம் பண்றேளா, கேஸ் போடறேளா?" என்று கணவரைக் கேட்டார். பிறகு, "சரி, இங்கே குடுங்கோ. வெறுமனே வெக்கப்படாது, மஞ்சள் தடவித்தான் வெப்பேன்" என்று தாளை வாங்கிக்கொண்டார். தினமும் பதிகம் ஓதுவதைப்போல விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். மஞ்சளைக் குழைத்து மூலைகளில் தடவினார். ஐந்தாவதாகக் கடைசி வரியின் மேல் ஓர் இழுப்பு. பேனா மை மஞ்சளோடு கரைந்தது.

"என்னடீ பண்றே! வரியே போச்சே!"

"தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுத்து. வேற ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிண்டு வாங்கோளேன்."

"ஞாயித்துக்கிழமை எவன் கடை திறந்து வெச்சிருப்பான்?"

"அப்போ இதுவே இருக்கட்டும். மஞ்சள் பட்டதைக் கிழிக்கப்படாது. ராகுகாலம் வந்துடும், சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ."

மாப்பிள்ளையான இவர் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். அது கைத்தவறு என்றே நான் நம்பினேன். மூன்று ஆண்டுகள் கழிந்து ஒருநாள், காபி டம்ளருடன் மாமனார் மெல்ல ஆரம்பித்தார்: "அந்த மூணு வருஷம் முடிஞ்சுடுத்தே..."

"எந்த மூணு வருஷம்? காகிதத்துல காட்டுங்கோ" என்றார் மாமியார். "எழுத்துல இல்லாததைப் பேசப்படாதுன்னு நீங்கதானே சொல்வேள்?"

மாமனார் காபி சிந்தும்படி சிரித்தார். அந்தப் பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழவில்லை. கடைசித் தங்கை ஆசிரியையாகி முதல் சம்பளம் வாங்கும்வரை, மாதந்தோறும் என் சம்பளக் கவரை நான் பிரிக்காமலே அம்மாவிடம் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தார் என்று மாமியாரை ஒரே ஒரு முறை கேட்டேன். "என் அம்மாவுக்கு நான் ஒரு புடவைகூட வாங்கிக் குடுத்ததில்லேடீ" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். கேளாமலே கொடுப்பவன் இறைவன் என்று பதிகம் பதிகமாக ஓதியிருக்கிறேன். அந்தக் கை எப்படியிருக்கும் என்பதை அவரிடம்தான் கண்டேன்.

இன்று வரப்போகும் மருமகள் வங்கியில் வேலை செய்கிறாள். டோம்பிவிலியில் இருக்கும் பெற்றோருக்கு அவள் ஒருத்தியே ஆதரவு. அவள் கேட்டபடி மகனே ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவினேன். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் ஈரம் காயுமுன் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

"தேடாதேம்மா. வருஷக் கணக்கு எதுவும் போடலே" என்றான் மகன்.

கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

இதை வாசிக்கும் அனைவர் இல்லத்திலும் மஞ்சளும் மங்கலமும் நிறைக. பெற்றவரைத் தாங்கும் பெண்களுக்கு அம்பிகை என்றும் துணை நிற்க.