இடக்கைப் பந்தி

பெரிய பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம், படம் குறைவு, வேலையும் குறைவு என்று நம்பித்தான் படம் போட ஒப்புக்கொண்டேன். நன்றாக ஏமாந்தேன். குட்டிப் பாப்பாவுக்கு ஒரு யானையைப் போட்டால் தீர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோ, போன படத்தில் ராணி போட்டிருந்த தோடு இதில் எங்கே என்று கேட்கும்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஓவிய ஆசிரியை. பள்ளி விட்டு வந்து, சமைத்து முடித்து, ரப்பர் மாதிரியான லினோலியத் துண்டில் அச்சுக்குப் படம் வெட்ட உட்காருவேன். வெட்டியது அச்சில் இடவலம் மாறி விழும் என்பதால் படத்தைப் புரட்டிப் போட்டுத்தான் வெட்ட வேண்டும். உடம்பெல்லாம் காய்ச்சலாக இருந்த ஒரு நாள் புரட்ட மறந்துவிட்டேன். அதுவும் எந்தப் படம்? ராஜகுமாரியின் கல்யாணப் பந்தி.

வீட்டில் ஏற்கெனவே ஓர் இடக்கைக்காரி இருந்தாள். என் மகள், ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் இடக்கையால் பேனா பிடித்தால் மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடி விழும். சாப்பிடும்போதுகூட அந்தக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டுதான் உட்காருவாள். அவள் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். "நீங்களே டீச்சரு, உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று அனுப்பிவிட்டார்கள்.

அச்சக முதலாளி, ஒத்திகைக்கு அச்சடித்துப் பார்த்த புரூஃபை என் முன்னால் விரித்தார்.

"இன்னா டீச்சர் இது? ராஜா ஊட்டுக் கல்யாணத்துல அத்தினி பேரும் பீச்சாங்கையில துன்னுக்கினு இருக்கறாங்க?"

"அந்த நாட்டுல எல்லாரும் இடக்கைதான்னு கதையில ஒரு வரி சேத்துடலாமே" என்றேன். பாதி அலுப்பில் சொன்னது, பாதி மகளுக்காக.

அவர் சிரித்தார். "பசங்க கெட்டுப் பூடுவாங்கமா. வேற வெட்டிக் குடுத்துடுங்க."

புரூஃபை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆளாக விரல் வைத்துப் பார்த்தாள். "இவங்களும்மா. இந்தத் தாத்தாவும்." அன்று சோற்றை இடக்கையால் பிசைந்து, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

ஆனாலும் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அந்த வேலையை விட்டுவிட என்னால் முடியாது. மணிக்கட்டு வீங்க, பந்தி முழுவதையும் மறுபடி வெட்டினேன். அத்தனை பேரும் வலக்கைக்கு வந்துவிட்டார்கள். முதலாளிக்குத் திருப்தி. எனக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

புத்தகம் வந்ததும் மகள் நேராக அந்தப் பக்கத்தைத்தான் தேடிப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அவங்களையும் அடிச்சாங்களாம்மா?"