சூசை கொடுத்த நாற்பது நாள்

சூசையின் நெஞ்சைக் கல் தூசியால் நிரப்பிக் கொன்றுவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடந்த அநியாயம் இதுதான். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்ல நான் எழுந்தபோது, பெரியவர் உணர்ச்சிவசப்படுகிறார் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எழுதும்போது யாரும் கையைப் பிடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். அவனைத் தெரிந்தவர்கள் படிக்கட்டும்.

பாஷா வந்து சொன்னபோது நான் கடையில் ஒரு சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். குந்தாரப்பள்ளிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையோரம், கிரானைட் ஷெட்டுக்கு நேர் எதிரே என் சைக்கிள் கடை. ஷெட்டில் சூசையோடு பல வருஷம் வேலை செய்தவன் பாஷா. வண்டியை விட்டு இறங்காமலேயே, "அண்ணா, சூசை போயிட்டாப்ல" என்றான். இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். எந்த நாள் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஷெட் நிர்வாகத்தின் சுவரொட்டி என் கடைச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. அவன் பெயருக்கு முன்னால் 'தியாகச் சுடர்' என்று பெரிய எழுத்து. பசை காய்வதற்கு முன் கிழித்துப் போட்டேன்.

சூசை என்னைவிட இருபது வயது சிறியவன். நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்புக் காவல் இருந்த குடும்பம். தோப்பில் பிழைப்பு இல்லாமல் போய் லூர்து மேரியைக் கட்டிக்கொண்ட கையோடு இங்கே வந்தான். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஐ.டி.ஐ. படித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். கிரானைட் ஷெட்டில் அதைக் கேட்கவில்லை. வேலை முடிந்து என் கடைக்கு வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருப்பான். "பவுடர் போட்டுக்கினு வந்திருக்கன்ணா, பொண்ணு பாக்கப் போலாமா?" என்பான். வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியுமா என்று கேட்டால், "அவதான் பூசி அனுப்புனா" என்பான். இப்படி ஒரு ஆள் தியாகச் சுடர் என்ற பட்டத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அந்த ஷெட்டில் வேலை இரண்டு பக்கமாக நடக்கும். பெரிய பலகைக் கற்களை அறுக்கும் இடத்திலும் மெருகேற்றும் இடத்திலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தூசி பறக்காது. அதற்குத் தண்ணிப் பக்கம் என்று பெயர். கல்லின் ஓரங்களைக் கை மெஷினால் தேய்ப்பது மறு கோடியில். மின்சார மெஷின் என்பதால் தண்ணீர் விட முடியாது. அது தூசிப் பக்கம். அங்கே ஒரு மணி நேரம் நின்றால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. ஆகவே ஆட்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள், வாரம் ஒருவர் என்று. நிர்வாகம் வகுத்த விதி இல்லை அது. மூச்சு விட வேண்டியவர்கள் தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ஒரு வருஷம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனும் ரம்ஜான் நோன்பும் அடுத்தடுத்து வந்தன. தூசிப் பக்கம் பாஷாவின் முறை. நோன்பு வைத்தவன் வாய் கொப்பளிப்பதற்கே யோசிக்க வேண்டும். தொண்டை காய்ந்து நின்றிருக்கிறான். சூசை போய் அவன் கையிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டான். அவன் சொன்னதைப் பாஷா எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறான்: "எச்சி முழுங்கவே பயப்படற, தூசியை எப்பிட்றா முழுங்குவ? தள்ளு." அதோடு விடவில்லை. இந்தத் தவக்காலத்துக்கு என் ஒறுத்தல் இதுதான், ஈஸ்டர் வரைக்கும் எவனும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று எல்லோருடைய முறையையும் எடுத்துக்கொண்டான். நம் கோயில் பங்கில் ஒறுத்தல் என்று கறியை விடுவார்கள், பீடியை விடுவார்கள். "போன வருசம் நான் பீடியை விட்டன், பீடி என்னை விடல. இதுன்னா விட்டுப்போவாது" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். வேண்டாமென்று அப்போதே தடுத்தேன். கேட்கவில்லை. அது அவன் மனதாரக் கொடுத்தது. தடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஈஸ்டர் முடிந்து மறுநாள் தண்ணிப் பக்கம் போய் நின்றான். அங்கே வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். மேஸ்திரி நரசப்பாவின் மச்சான், புதிதாகச் சேர்ந்தவன். முறை எங்கே என்று கேட்டதற்கு நரசப்பா, "உனக்குத்தான் அங்க பழகிப்போச்சே சூசை. எல்லாரும் நிம்மதியா இருக்கானுங்க. ஆகலி பிடு" என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். ஆகட்டும் விடு என்று அர்த்தம். மற்றவர்கள் குனிந்து கல்லைப் பார்த்தார்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்பான் சூசை. நான் சொல்வேன். ஒருவன் நாற்பது நாள் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள், அவனிடமிருந்து மிச்ச நாள் எல்லாவற்றையும் பிடுங்கியபோது வாய் திறக்கவில்லை.

அவனைப் பங்குச் சாமியாரிடம் அழைத்துப் போனேன். ஷெட் முதலாளி கோயிலுக்கு வந்து போகிறவர். கோயில் தரைக்குக் கல் கொடுத்தவர். சாமியார் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். சாமியார் நல்லவர், கெட்ட எண்ணம் இல்லாதவர். சூசையின் தோளைத் தொட்டு, உன் பாடுகளை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடு, வீணாகாது என்றார். சூசை தலையாட்டினான். நான் விடவில்லை. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஆனால் படித்ததை விடுவதில்லை. பாடுபடுவதற்கு முந்தின இரவு தோட்டத்தில் ஆண்டவரே முழங்காலில் நின்று, இது என்னை விட்டுப் போகட்டும் என்று கேட்டாரே, அவரே கேட்கலாம் என்றால் சூசை ஏன் கேட்கக் கூடாது என்றேன். பிறகு அவர் தந்தையின் சித்தத்துக்குப் பணிந்தாரே என்றார் சாமியார். தந்தையின் சித்தத்துக்குப் பணியலாம், நரசப்பாவின் சித்தத்துக்கு ஏன் பணிய வேண்டும் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசவும் செய்தார். தூசியை இழுத்து வெளியே தள்ளும் பெரிய விசிறி ஒன்று அடுத்த ஏற்றுமதி முடிந்ததும் வரும் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார். ஏற்றுமதி எத்தனையோ முடிந்தது.

விசிறிக்குப் பதிலாகப் பிரசங்கம் வந்தது. நம் நடுவே சிலுவை சுமக்கும் ஒரு சகோதரன் என்று சூசையின் பெயரைச் சொல்லிப் பீடத்திலிருந்து பேசினார் சாமியார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் சிலுவைப்பாதையில் மரச் சிலுவையை அவன் தோளில்தான் வைத்தார்கள். மெலிந்து, கண் உள்ளே போய், அந்த வேஷத்துக்குப் பொருத்தமாக ஆகிக்கொண்டிருந்தான். இருமலோடு பாறைமேட்டில் ஏறுவான். பின்னால் பெண்கள் அழுவார்கள். ஒரு வருஷம் ஐந்தாம் தலத்தில், வயலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வழிப்போக்கன் ஒருவனைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைக்கிற இடத்தில், மூச்சு வாங்க நின்றான். நான் பக்கத்தில் இருந்தேன். என் காதில் மட்டும் விழும்படி, "அந்தாளை யாரானா கேட்டாங்களாண்ணா, தூக்குறியான்னு?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பாஷா சும்மா இருக்கவில்லை. என்னைத் தூசிப் பக்கம் போடுங்கள், சூசையை மாற்றுங்கள் என்று நரசப்பாவிடம் போய் நின்றான். இஷ்டமில்லையென்றால் இரண்டு பேரும் கணக்கு முடித்துக்கொண்டு போகலாம் என்றார் அவர். அப்படியும் பாஷா ஒரு நாள் விடியுமுன் வந்து தூசிப் பக்கம் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். சூசைக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்ததாகச் சொன்னான் பாஷா. "நான் குடுத்ததைத் திருப்பிக் குடுக்க வர்றியா? அந்த நாப்பது நாளு மட்டுந்தான்டா நானா குடுத்தது. மீதியெல்லாம் அவனுங்க எடுத்துக்கினது. அதையும் இல்லாமப் பண்ணிடாத. போ அந்தப் பக்கம்."

பிறகு சூசை நோயில் படுத்தான். முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு சுற்று முடித்தான், இன்னொரு சுற்று முடித்தான். நானும் லூர்து மேரியும் அவனைப் பெங்களூருக்கு அழைத்துப் போனபோதுதான் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கல் வேலை என்றதும் படத்தைக் கீழே வைத்துவிட்டார். இதற்கு மருந்து இல்லை என்று கன்னடத்தில் சொன்னதை லூர்து மேரிக்குத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் முன்பே புரிந்துகொண்டிருந்தாள். இந்த ஊர்ப் பக்கம் யாருக்குத்தான் கன்னடம் புரியாது.

கடைசியாகப் பேசியது அவன் வீட்டில். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வராது. நான் வழக்கம்போல முதலாளியையும் நரசப்பாவையும் திட்டிக்கொண்டிருந்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். "அண்ணா, நீங்க என் நோவை வச்சிக்கினு சண்டை போடறீங்க. எனக்கு ஒரு மூச்சு வந்தாப் போதும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் மாறவில்லை, இப்போதும் மாறவில்லை. அவனே பேச்சைத் தொடர்ந்தான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நீண்ட இடைவெளி. ஆண்டவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், என் பாடு அவருக்குத் தெரியும், அதில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை என்றான். பிறகு, "ஆனா ஆணி அடிச்சவன், அடிச்சிட்டு வந்து மாலை போடலியேண்ணா" என்றான்.

மாலை போட்டார்கள். அதற்கு மேலும் செய்தார்கள். ஷெட்டிலேயே ஒரு கறுப்புக் கல்லை மெருகேற்றி, கல்லறைக்கு என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. சுவரொட்டியில் இருந்த அதே பட்டம் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. வண்டியிலிருந்து இறக்கியவர்களில் ஒருவன் மாதேஷ். சூசை படுத்த பிறகு தூசிப் பக்கம் நிற்பவன். எழுத்து வெட்டியதும் ஓரம் தேய்த்ததும் அவன்தான். இமை மயிர் எல்லாம் வெள்ளை. கல்லைத் துணியால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நல்லா வந்துருக்குதுங்களா பெரியவரே?" என்று கேட்டான். நல்லாத்தான் வந்திருந்தது.

இந்தக் கல்லை வைக்கக் கூடாது என்று லூர்து மேரியிடம் சொன்னேன். அந்த ஒரு சொல்லையாவது தேய்த்து எடுக்க வேண்டும் என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "யாரு தேய்ப்பாங்க மாமா? மாதேசா?" என்றாள். அவளே, "எனக்குப் பட்டம் வேணாம். அவரு எங்க படுத்திருக்கறாருன்னு தெரியணும், அவ்ளோதான்" என்றாள். கல்லை முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நிறுத்துவதாக இருக்கிறார்கள். என்னால் தடுக்க முடியாது. என் கையில் இருப்பது இந்தப் பேனா மட்டும்.

பாடுபடுவதற்கு அர்த்தம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சூசை சொல்லியிருப்பான். எனக்கு அவனிடமிருந்து மிஞ்சியிருப்பது அவன் கிழித்த கோடு ஒன்று. ஒருவன் தானாகக் கொடுத்தது ஒரு பக்கம். அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது இன்னொரு பக்கம். முதலாவதைக் கும்பிடுகிறேன். இரண்டாவதைக் கும்பிடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நான் எழுந்து நிற்கமாட்டேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கல்லறைக்குக் கல் நிறுத்தும் முன் முதலாளி அந்த விசிறியை மாட்ட வேண்டும். நரசப்பா பழையபடி வார முறையைக் கொண்டுவர வேண்டும்; முறையில் அவர் மச்சானும் நிற்க வேண்டும். முப்பதாம் நாள் பூசையில் சாமியார் தியாகம் என்ற சொல்லை அந்த நாற்பது நாளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மீதியைச் சொல்லும்போது அதற்கு உரிய பெயரைச் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியன்று பாறைமேடு ஏறுகிற பங்கு மக்கள், ஏறுவதற்கு முன் ஷெட் வாசலில் ஒரு தலம் நிற்க வேண்டும். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் குனிந்து கல்லைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். பாஷா எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அவனுக்குக் கிடைத்ததை அவன் வைத்துக்கொள்ளட்டும். லூர்து மேரி யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம். மாதேஷ் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நாளைக் காலை ஷெட் திறக்கும்போது அவன் கையிலிருந்து அந்த மெஷினை யாராவது வாங்க வேண்டும்.