எங்கேயோ கேட்ட மெட்டு

பிரான்சில் இருக்கும் என் சின்னம்மா மகன் ரெகேடோன் என்கிற லத்தீன் ஆட்டப்பாட்டு பாடுகிறான். காரைக்காலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு அவனுக்கு மெட்டும், அடியில் அதிரும் பாஸ் ஒலியும் போட்டுக் கொடுப்பது நான். இதற்கு முன் அவன் வேறொருவரிடம் வாங்கிய மெட்டு திருட்டு என்று புகார் வந்து, அவன் பாட்டையே இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். "இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா பாடுறதையே விட்டுருவேன்க்கா" என்றான்.

இந்த மெட்டு மத்தி மீன் கழுவும்போது வந்தது. மொத்தமே நாலு சுரம். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் வாசித்தேன். மெட்டு மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் பாஸ் வந்து இடிக்கும்படி வைத்தேன். உலை கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது, எங்கேயோ கேட்டதைத்தான் வாசிக்கிறேனோ என்று. எனக்கு எதுவும் இவ்வளவு லேசில் வந்ததில்லை.

ஒரு வாரம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டேன்.

"எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார்.

அவருக்கு எல்லாமே எங்கேயோ கேட்டதுதான். ஆனால் காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவும், "கேட்ட பாட்டாச்சே இது" என்று தலையாட்டினார். எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணில் பட்ட ரெகேடோன் பாட்டையெல்லாம் போலீஸ்காரி மாதிரி விசாரித்தேன். பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி, இப்படி ஒரு பாட்டு இல்லை என்றது. அதையும் நான் நம்பவில்லை. மெட்டை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கீழ் வீட்டு அக்கா படியில் மறித்தார்.

"ஏங்க, அந்தப் பாட்ட ஏன் நிறுத்திட்டீங்க?"

"எந்தப் பாட்டு?"

"அதாங்க, ஒரு வாரமா திம்முதிம்முன்னு எங்க சீலிங்கே அதிருச்சே! தெருமுன வரைக்கும் கேட்டுச்சு. மீன்காரம்மா கீழ நின்னு ஆடிட்டுதான் மேல ஏறுவாங்க."

தரையில் வைத்திருந்த என் பாஸ் ஸ்பீக்கர்! ஊரே என் மெட்டை என்னிடமிருந்தே கேட்டிருக்கிறது. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. படியேறிப் போன வேகத்தில் தம்பிக்கு அனுப்பிவைத்தேன்.

சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"செமயா இருக்குக்கா." கொஞ்சம் இழுத்தான். "ஆனா, எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

என் ஸ்பீக்கர் தெருமுனை வரைக்கும்தான் கேட்கும்.

"எங்கடா கேட்ட?" என்றேன்.

"அதான்க்கா யோசிக்கிறேன்" என்றான்.