நாலு தேசிக்காயும் நாலு டயரும்

காலை 7.10. பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில், நாங்கள் குடியிருக்கும் மாடிவீட்டின் கீழே, என் மனைவியின் தம்பி யோகன் தன் காரின் நாலு சக்கரங்களுக்கும் அடியில் நாலு தேசிக்காய் வைத்தான். எலுமிச்சை இந்த இத்தாலியத் தீவில் மலிந்து கிடக்கிறது. அதிலும் சாறுள்ளதாகப் பார்த்து முதல் நாள் நான்தான் வாங்கி வந்தேன். கார் இரண்டு கை மாறிய பழசு, ஆனால் எங்களுக்குப் புதுசு. இதுதான் அதன் முதல் தூரப் பயணம். கார் நகர்ந்ததும் நாலும் நசுங்கின. ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமை. ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

போகும் இடம் பெத்ராலியா சொத்தானா. பலெர்மோவிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஆயிரம் மீற்றர் உயரத்தில் உள்ள மலையூர். பனி பார்க்கப் போகவில்லை. என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் என்னை இருக்கவிடும் கடதாசி, அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் வேலை தருகிறவரின் கையெழுத்தோடு கெஸ்தூராவுக்கு, வெளிநாட்டாரைப் பதியும் பொலிஸ் அலுவலகத்துக்கு, போக வேண்டும். பலெர்மோவின் சீசா பகுதியில் ஒரு கிழவரை நாலு வருடம் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்தவன் நான். கார்த்திகையில் அவர் போய்ச் சேர்ந்தார். "நீ எங்கள் குடும்பத்தில் ஒருவன், வேலையில் வைத்துக்கொள்வேன்" என்று செத்த வீட்டில் என் தோளைத் தட்டிச் சொன்னார் அவருடைய மகன். அந்த சின்யோரே, எங்கள் பேச்சில் துரை, அப்போது மலைவீட்டில் தமக்கையோடு இருந்தார். திங்கள் பதினொரு மணிக்கு அங்கிருந்து கத்தானியா விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார், மூன்று வாரம் வரமாட்டார். "அதற்கு முன் வா, ஒப்பமிட்டுத் தருகிறேன்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

இனி டயர்க் கதை. சனிக்கிழமை மாலை எங்கள் தெரு டயர்க்கடைக்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். மேலே பனி கொட்டுகிறது, இந்தக் கோடைகால டயரோடு போகாதே, என்னிடம் பாவித்த பனி டயர் நாலு இருக்கிறது, இரண்டு லட்சம் லீரா, திங்கள் எட்டு மணிக்கு வந்தால் அரைமணியில் மாற்றித் தருகிறேன் என்றார். யோகனுக்குச் சிரிப்பு.

"அத்தான், இது நாலு சில்லும் இழுக்கிற கார். ரயர் மாத்திறதெல்லாம் ரெண்டு சில்லு இழுக்கிற சனத்துக்கு. நான் யாழ்ப்பாணத்திலை பெற்றோல் இல்லாத காலத்திலை மண்ணெண்ணெயிலை கார் ஓட்டினவன். எனக்கு இவர் படிப்பிக்கிறாரோ?"

நாலு சக்கரமும் இழுக்கிற கார் என்கிறான் என்று கடைக்காரருக்கு இத்தாலியனில் சொன்னேன். "ஏறுவான், சந்தேகமில்லை. இறங்கும்போது என்ன செய்வான்?" என்று கேட்டுவிட்டுக் கதவை இழுத்து மூடினார்.

பழியை யோகன்மேல் போட்டுத் தப்பிக்க எனக்கு மனமில்லை. எட்டரைக்கு டயரை மாற்றிக்கொண்டு கிளம்பியிருந்தாலும் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம், அதற்குள் படி தாண்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அதுவும் யாழ்ப்பாணத்து நாட்காட்டியைப் பார்த்து. பலெர்மோவில் ஜனவரியில் ஏழு மணி தாண்டித்தான் வெயிலே தலைகாட்டும். இங்கத்தைய ராகு எத்தனை மணிக்கு எழும்புகிறதோ, யார் கண்டார்கள்!

8.35. நெடுஞ்சாலையை விட்டுத் திரெமொன்செல்லியில் திரும்பினோம். அதுவரை மழை. அங்கிருந்து பனி. ஏற்றத்தில் இரண்டு கார்கள் சக்கரம் சுழன்று நகர மாட்டாமல் நின்றன. நாங்கள் அவற்றைக் கடந்து சும்மா ஏறினோம். பொய் சொல்லக் கூடாது, அந்தக் கார் ஏறிய அழகை நானும் ரசித்தேன்.

"பாத்தியளே அத்தான்? நாலு சில்லு!"

"ஓமடா, றோட்டைப் பார்."

9.05. கஸ்தெல்லானாவைத் தாண்டி ஓர் இறக்கம். கீழே இடப்பக்க வளைவு. யோகன் பிரேக்கை மிதித்தான், கார் நிற்கவில்லை. சுக்கானைத் திருப்பினான், முன்சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. அவசரமே இல்லாமல், மாடு கொட்டிலுக்குப் போவதுபோலப் போய், வலப்பக்கக் கானுக்குள், றோட்டோர வாய்க்காலுக்குள், மூக்கைக் குத்தி நின்றது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. யோகன் சுக்கானை விடாமல் பிடித்தபடி, "நாலும் இழுத்ததுதானே…" என்றான். இழுத்தது. நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

முக்கால் மணி நேரம் தள்ளினோம், கையால் பனியைக் கிளறினோம். எதிர்த்திசையில் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோய் விற்கிற ஒருவரின் சின்ன வான் வந்தது. முன்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கிற கிழட்டு வான். வளைவுக்கு அப்பால் அதே மாதிரி இறக்கத்தில் இறங்கி வந்தும், நிறுத்த நினைத்த இடத்தில் நின்றது. அவர் இறங்கி எங்கள் டயரை விரலால் தடவினார், உச்சுக்கொட்டினார், ஒரு உழவு இயந்திரத்தை அனுப்பச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

9.55. காரை விட்டுவிட்டு நடந்தோம். நாலு கிலோமீற்றர். சின்யோரேயின் முன் மரியாதையாக நிற்க வேண்டுமென்று மினுக்கிப் போட்ட சப்பாத்து எனக்கு. இரண்டடிக்கு ஒருதரம் வழுக்கியது. கடதாசிகளைப் பிளாஸ்திக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். யோகன் என் முழங்கையைப் பிடித்தபடி வந்தான்.

"என்னாலைதான் அத்தான்."

"கதையாமல் நட."

10.20. மேலிருந்து ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. சின்யோரேயின் கார். பனிக்குப் பயந்து முன்கூட்டியே கிளம்பியிருக்கிறார். உறையை உயர்த்திப் பிடித்து ஆட்டினேன். "சின்யோரே! சின்யோரே!" என்று கத்தினேன். யோகன் இரண்டு கையையும் வீசித் துள்ளினான். கார் எங்களுக்குப் பக்கத்தில் வேகம் குறைந்தது. கண்ணாடிக்குள் அவர் முகம் தெரிந்தது. சிரித்தார். கையைத் தூக்கி அசைத்தார். போய்விட்டார். அவருடைய டயரின் ஆழமான வரிகள் பனியில் துப்புரவாகப் பதிந்திருந்தன. நான் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

11.00. மலைவீட்டில் தமக்கையார் கதவைத் திறந்தார். நல்ல மனுசி, உள்ளே இருத்தி, கோப்பி தந்து, ஈரச் சப்பாத்துக்குப் பழைய பேப்பர் விரித்தார்.

"தம்பி இப்போதுதான் காரிலிருந்து தெலெபோனினோவில், அந்தக் கைத்தொலைபேசியில், பேசினான். வழியில் உன்னைக் கண்டானாம். பனியில் விளையாடிக்கொண்டிருந்தாயாம். உங்கள் நாட்டில் பனி இல்லைதானே, பாவம், ரசிக்கட்டும் என்று சிரித்தான்."

உறையை மேசையில் வைத்துக் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நெற்றியில் கைவைத்தார். அழைத்துப் பார்த்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை. வேலை தருகிறவன் தம்பிதான், தன்னால் ஒப்பமிட முடியாது என்றார். அது எனக்கும் தெரியும். "மூன்று வாரம்தானே" என்றார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உள்ள மூன்று வாரத்தில் நான் யார் என்று அவருக்கு எப்படி விளக்குவது? கோப்பி நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

2.30. உழவு இயந்திரம் காரைக் கானிலிருந்து இழுத்தது, நாற்பதாயிரம் லீரா. பலெர்மோவுக்கு இறங்க, வெயில் அடித்தது. ஒரேத்தோவில் வெயிலுக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த டயர்க்கடைக்காரர் காரின் நசுங்கிய மூக்கைப் பார்த்தார். காலையில் நசுங்கிய தேசிக்காய்கள் நாலும் எங்கள் வாசலில் அப்படியே கிடந்தன.

எங்கள் ஊரில் பனி இல்லைதான். ஷெல்லடிக்குப் பயந்து இருட்டில் ஓடின கார்கள்கூட, றோட்டில் ஒருவன் கடதாசியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினால் நின்று என்னவென்று கேட்டன.

நாலு சில்லும் இழுக்கிற காருக்கும் பனி டயர் வேண்டுமா என்று இப்போது எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும், ராகுகாலம் பார்க்காமல் போய் மாற்றுங்கள் என்கிறேன். இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்கலாம். அன்று சின்யோரேயின் காரிலும் நாலும் பனி டயர்தான். நன்றாக நின்றிருக்கும்.